கோபம் மட்டும் சேமிக்கப்பட்டது

சண்முகக்கனிக்கு ஒரு நாளில் நாலரை மணி நேரம்தான் வாய் உண்டு. மதியம் ஒன்றிலிருந்து மாலை ஐந்தரை வரை. மற்ற நேரமெல்லாம் ஊமை. இப்படி ஓர் ஏற்பாட்டைச் செய்துவிட்டு அதற்கு ‘மறுவாழ்வு உதவி’ என்று பெயரும் வைத்த மனிதர்களைப் பார்த்தால் நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். பார்த்தேன், கேட்டேன், வேலையும் போயிற்று. அதைத்தான் சொல்ல வந்தேன்.

என் பெயர் ஜெசிந்தா. தூத்துக்குடியில் குரல்பட்டை மையத்தில் டெக்னீஷியனாக இருந்தேன். அதற்கு முன் சென்னையில் பதினெட்டு வருஷம் புரோகிராம் எழுதினேன். வாய் நீளம் என்று மூன்று கம்பெனியில் சொல்லி அனுப்பினார்கள்; நாலாவதில் அவர்கள் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன்.

குரல்பட்டை என்பது கழுத்தில் கட்டிக்கொள்ளும் இரண்டு விரல் அகலப் பட்டை. குரல் போனவர்கள் பேச நினைக்கும்போதும் தொண்டைத் தசை துடிக்கத்தான் செய்கிறது. அந்தத் துடிப்பைப் படித்துப் பட்டை சத்தமாக மாற்றும். ஆனால் ஒவ்வொருவர் தொண்டையும் ஒவ்வொரு விதம். அதனால் பட்டை முதலில் அந்த ஆளைக் கற்றுக்கொள்ள வேண்டும். அதற்கு நாலரை மணி நேரம் ஆகும். அதுவரை உளறும். கனி தண்ணீர் கேட்டால் செய்தி வாசிப்பவர் குரலில் “கப்பல் வருகிறது, நன்றி” என்று சொல்லும்.

கற்றதை ஒரு ஃபைலில் எழுதி வைத்தால் மறுநாள் காலையில் அதையே எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். அவ்வளவுதான் விஷயம். முதல் வருஷம் கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளைகூட எழுதிவிடும். ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது: கருவி கற்றவை அனைத்தும் நிறுவனத்தின் சொத்து, சேமிக்கவோ நகலெடுக்கவோ கூடாது. பயனாளியின் அந்தரங்கத்தைக் காப்பாற்றுவதற்காகவாம். மாலை ஐந்தரைக்கு ஒரு கட்டளை போகும். பட்டை எங்கே இருந்தாலும் அணைந்துவிடும், அன்றைக்குக் கற்றது அத்தனையும் அழிந்துவிடும். காலை எட்டரைக்கு மறுபடி அரிச்சுவடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

கனிக்கு முப்பத்தெட்டு வயது. ஓட்டப்பிடாரம் பக்கத்திலிருந்து வேன் ஏறி வந்து ஓர் இறால் கம்பெனியில் வேலை பார்த்தவள். பதினாலு மாதத்துக்கு முன் அங்கே குளிர் அறையில் அமோனியா குழாய் வெடித்தது. மூன்று பேர் செத்தார்கள். கனி பிழைத்தாள், ஆனால் தொண்டை வெந்துபோயிற்று. வலது கண் சுத்தமாகப் போயிற்று. இடது கண்ணில் எதிரே ஆள் நிற்பது நிழலாகத் தெரியும். அதனால் எழுதிக் காட்டவும் வழியில்லை. மையம் நடப்பதே கம்பெனி பணத்தில்தான்; ஒப்பந்தம் போட்டுப் பட்டையைக் கொடுத்ததும் கம்பெனிதான், தினமும் மாலையில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு.

செத்தவர்களில் ஒருத்தி இசக்கியம்மாள். பத்தொன்பது வயது. வாயு கசிந்தால் அலற வேண்டிய அலாரம் அன்றைக்கு அலறவில்லை. அதன் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தன் போனுக்கு சார்ஜ் போட்டவள் இசக்கிதான் என்று கம்பெனி எழுதிக் கொடுத்துவிட்டது. செத்த பெண் எழுந்து வந்தா மறுக்கப் போகிறாள்? மற்ற இரண்டு பேர் வீட்டிலும் இசக்கியின் அம்மா சொர்ணத்தின் முகத்தில் முழிப்பதில்லை. பிளக்கைப் பிடுங்கியது யார் என்று கண்ணால் பார்த்தவர்களில் உயிரோடு இருப்பவள் கனி ஒருத்திதான்.

விசாரணை அதிகாரி வியாழக்கிழமை காலை பத்து மணிக்குத் தூத்துக்குடியில் உட்காருவார். பன்னிரண்டுக்கெல்லாம் திருநெல்வேலிக்குக் கிளம்பிவிடுவார். மதியம் நேரம் கேட்டு மனுப் போட்டோம், முடியாது என்றார்கள். ஒரு மதியம் கனி சொல்லச் சொல்ல எழுதி அனுப்பினோம். யாரோ சொல்லிக் கொடுத்து எழுதியது என்று சொல்லிக் கம்பெனி வக்கீல் அதைத் தள்ள வைத்துவிட்டார். இரண்டு வியாழன் கனி நேரில் போய் நின்றாள். பிளக்கைப் பிடுங்கியது யார் என்று கேட்டதற்குப் பட்டை “லேசான மழை பெய்யக்கூடும்” என்றது. வக்கீல் சிரிக்கவில்லை, அது ஒன்றுதான் குறைச்சல். சாட்சியால் பதில் சொல்ல இயலவில்லை என்று குறித்துக்கொள்ளச் சொன்னார். மூன்றாவது வியாழன்தான் கடைசி. அன்றும் கனி பேசாவிட்டால் இசக்கி பெயரிலேயே எழுதி முடித்துவிடுவார்கள்.

திங்கட்கிழமை மதியம் ஒரு மணிக்கு வாய் வந்ததும் கனி என்னைக் கேட்டாள்.

“ஏக்கா, இந்தச் சனியன் நேத்துப் படிச்சத ஏன் மறக்குது?”

நான் ஒப்பந்தம், சொத்து, அந்தரங்கம் என்று ஆரம்பித்தேன். அவள் பாதியிலேயே நிறுத்தினாள்.

“அதையெல்லாம் விடுங்க. மறக்காம எழுதி வைக்க ஒங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?”

“தெரியும்.”

“அப்ப எழுதுங்க.”

எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு வருஷமாகத் தினமும் ஐந்தரைக்கு அவள் வாய் அடைவதைப் பார்த்துக்கொண்டு பட்டையைத் துடைத்து சார்ஜில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறேன். வாய் நீளம் என்று பேர் வாங்கி என்ன பிரயோஜனம்?

மையத்தின் பொறுப்பாளர் டெரன்ஸ் எனக்குப் பின்னாலேயேதான் உட்கார்ந்திருப்பார். கெட்டவர் இல்லை, பயந்தவர். ஆனால் செவ்வாய்க்கிழமை அந்தோனியாருக்கும் புதன்கிழமை சகாய மாதாவுக்கும் நாலே முக்காலுக்கு டாண் என்று எழுந்துவிடுவார். புயல் அடித்தாலும் கோயிலில் நவநாள் ஜெபத்தை விடமாட்டார். எனக்கு இருந்தது அந்த இரண்டு மாலையிலும் ஐந்தரை வரை முக்கால் முக்கால் மணி நேரம்தான்.

செவ்வாய் மாலை அவர் படியிறங்கியதும் பட்டையைச் சொருகி, வீட்டில் எழுதிக் கொண்டுவந்த புரோகிராமை ஓட்டினேன். ஐந்து நிமிஷத்தில் ஃபைலை எழுதி முடித்தது. ஒழுங்காக இருக்கிறதா என்று அங்கேயே திறந்தும் பார்த்தேன். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. அன்று ராத்திரி பெரிய சாதனை செய்தவள்போல நிம்மதியாகத் தூங்கினேன்.

புதன் காலை எட்டரைக்கு, டெரன்ஸ் வருவதற்குள், அந்த ஃபைலைப் பட்டையில் ஏற்றினேன். பட்டை உளறக்கூட இல்லை. கனி உதட்டை அசைக்கிறாள், பட்டை கல்லாக இருக்கிறது. ஒரு பக்கம் எச்சரிக்கை விளக்கு வேறு. அவசரமாக அழித்துவிட்டுப் பழையபடி அரிச்சுவடியிலிருந்து ஆரம்பிக்க விட்டேன். அவள் உளறி உளறிக் கற்பித்துக்கொண்டிருந்தாள். நான் என் புரோகிராமை வரி வரியாகப் படித்தேன். பதினோரு மணிக்குத் தப்பு தெரிந்தது. தெரிந்ததும் நாற்காலியை எட்டி உதைத்தேன்.

ஒரு மணிக்கு டெரன்ஸ் சாப்பிடப் போனதும் கனி கேட்டாள், என்ன ஆச்சு என்று.

“என்ன செருப்பால அடிக்கணும் கனி. பட்டை ஒவ்வொண்ணையும் ஒரு எடத்துல வெச்சிருக்கும். இன்னது இன்ன எடத்துல இருக்குன்னு விலாசம் தனியா இருக்கும். நான் விலாசத்த மட்டும் எழுதிட்டேன். சரக்க எழுதல. நேத்துத் தெறந்து பாக்கையில வீடு அப்படியே நின்னுச்சு, அதனால விலாசம் சரியா இருந்துச்சு. அஞ்சரைக்கு வீட்ட இடிச்சிட்டாவ.”

கனிக்கு உடனே பிடிபட்டது.

“அப்ப பெட்டி மேல ஒட்டுன சீட்ட எடுத்து வெச்சுக்கிட்டு றாலக் கொட்டிட்டிய.”

“ஆமா.”

“பதினெட்டு வருசமா மெட்ராசுல இதத்தான் பண்ணுனியளாக்கும்.”

எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. என்ன சொல்ல, அவள் சொன்னது சரிதான். இந்தத் தப்பைக் கற்றுக்குட்டிகள் செய்வார்கள், மறுநாளே திருத்திக்கொள்வார்கள். எனக்கு மறுநாள் கிடையாது. மாதாந்திர அறிக்கை தயார் செய்கிறேன் என்று டெரன்ஸிடம் புளுகிவிட்டு, அவர் மூக்குக்கு முன்னாலேயே நாலரை வரை உட்கார்ந்து புரோகிராமை மாற்றி எழுதினேன். இந்தத் தடவை ஒவ்வொரு விலாசத்துக்கும் போய், உள்ளே இருப்பதை எடுத்து ஃபைலில் எழுத வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். எவ்வளவு என்று கணக்குப் பார்த்தேன்; இருக்கிற நேரம் போதாது.

டெரன்ஸ் மாதா கோயிலுக்குக் கிளம்பினார். நான் கனிக்கு விஷயத்தைச் சொன்னேன்.

“பட்டை மூணு பெட்டில பிரிச்சு வெச்சிருக்கு. நீ சாதாரணமாப் பேசுறது ஒண்ணு. கோவமாப் பேசுறது ஒண்ணு. அழுகையோ பாசமோ வந்து மெதுவாப் பேசுறது ஒண்ணு. கோவத்துல தொண்ட இறுகும், மெதுவாப் பேசையில தளரும். அதனால ஒரே சொல்ல மூணு விதமாப் படிச்சு வெச்சிருக்கு. ஒரு பெட்டிய எழுத நாப்பது நிமிசம் ஆவும். நமக்கு நேரம் ஒரு பெட்டிக்குத்தான் இருக்கு.”

சாதாரணப் பெட்டியை எடுக்கலாம் என்பது என் யோசனை. அதிகாரி முன்னால் நிதானமாகப் பேசினால் மரியாதையாக இருக்கும் என்றேன். கனி கேட்கவில்லை.

“அந்த வக்கீலு மூஞ்சிக்கு முன்னால நான் சாதாரணமாவா நிப்பேன்? கோவத்த எடுங்க.”

“நல்லா யோசிச்சுக்கோ. நாளைக்கு நீ ஏசுனாத்தான் சத்தம் வரும். நடுவுல மனசு எளகிட்டா ஒரு சொல்லு வராது.”

“ஏசத்தான போறேன்.”

ஐந்து இருபத்தேழுக்கு எழுதி முடித்தது. ஃபைலை என் போனில் போட்டுக்கொண்டேன். ஐந்தரைக்குப் பட்டை அணைந்தது. எழுதியது சரியா என்று பார்க்க இனி காலை எட்டரை வரை வழி கிடையாது. கனி என் கையைத் தடவி ஒருமுறை அழுத்திவிட்டுப் போனாள்.

வியாழன் காலை டெரன்ஸ் இருக்கும்போதே ஃபைலை ஏற்றினேன். வேறு வழியில்லை. ஏற்றி முடிந்ததும் என்ன கேட்பது என்று தெரியாமல் நான் சும்மா நின்றுகொண்டிருந்தேன்.

“என்ன, வேல செய்யுதா இல்லியா? வாயத் தொறந்து சொன்னாத்தான தெரியும்? கண்ணு தெரியாதவள ஒக்காத்தி வெச்சிட்டு மரம் மாதிரி நின்னா என்ன அர்த்தம்?”

கனியின் குரல். ஓட்டப்பிடாரத்துக் குரல். மணி எட்டு முப்பத்தைந்து. எனக்கு அழுகை வந்துவிட்டது. டெரன்ஸ் எழுந்தார், பட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அவருக்கு அதுவே பெரிய தைரியம்.

விசாரணை அறையில் பத்து மணிக்கு அதிகாரி பெயர் கேட்டதும் கனி சொன்ன பதில் சுவரில் மோதித் திரும்பியது. வக்கீல் அப்படியே திகைத்துப்போனார். பட்டையை இரவல் கொடுத்த கம்பெனியே அவருடைய கட்சிக்காரர்; அது பத்து மணிக்கு எப்படிப் பேசும், எப்படிப் பேசாது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். உடனே எழுந்து, இந்தக் குரல் ஏற்கெனவே பதிவு செய்து கொண்டுவந்தது, இதைச் சாட்சியமாக ஏற்கக் கூடாது என்றார். அதிகாரி என்னைக் கூப்பிட்டார். வயதானவர், சோர்ந்த முகம், ஆனால் காது கொடுத்துக் கேட்பவர்.

“அவங்க என்ன சொல்லப் போறாங்கங்கிறது இந்த ஃபைல்ல இல்லங்கய்யா,” என்றேன். “தையக்காரர் அளவு நோட்டு வெச்சிருப்பாரில்லையா, அந்த மாதிரி. அவங்க தொண்டைக்கு அளவெடுத்து எழுதி வெச்சிருக்கேன். சட்டைய இனிமேத்தான் தைக்கணும்.”

அதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தினேனா? ஒப்பந்தத்தை மீறியது, நவநாள் நேரம், நாப்பது நிமிஷம், மூன்று பெட்டியில் கோபப் பெட்டி மட்டும் எடுத்தது என்று ஒன்று விடாமல் ஒப்பித்தேன். உண்மையைச் சொல்கிறோம் என்ற திமிர். ஆட்சேபத்தைக் குறித்துக்கொண்டு சாட்சியைப் பேச அனுமதித்தார் அதிகாரி. நான் திரும்பும்போது வக்கீல் ஒரு தாளில் ஏதோ எழுதி அடிக்கோடு இழுத்துக்கொண்டிருந்தார். என்ன எழுதியிருப்பார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது.

முதல் கேள்விக்குக் கனி பொளந்து கட்டினாள்.

“அலாரத்துப் பிளக்கப் பிடுங்குனது மேனேஜரு. குழாய் வெடிக்கதுக்கு மூணு நாளைக்கு முன்ன. வெளிநாட்டு இன்ஸ்பெக்டரு வார நேரத்துல இது கத்திக்கிட்டே கெடக்குன்னு அவரு கையாலயே பிடுங்கி, வயரச் சுத்தி மேல போட்டாரு. நான் ரெண்டடி தள்ளி நின்னேன், எனக்கு அப்பக் கண்ணு தெரியும். இசக்கி போனு கேட்டுல உள்ள கூடையில கெடந்துச்சு. எல்லார் போனையும் வாசல்லயே வாங்கி வெச்சுக்கிடுவாவ. கையில இல்லாத போனுக்கு எவ சார்ஜ் போடுவா?”

அறையின் கடைசி வரிசையில் சொர்ணம் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு விசாரணைக்கும் வந்து, யார் கண்ணிலும் படாத மாதிரி ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டுப் போகிறவர். அவர் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார்.

வக்கீல் எழுந்தார். குரலைத் தாழ்த்தி, ஏதோ துக்கம் விசாரிக்க வந்தவர்போலக் கேட்டார்.

“சண்முகக்கனியம்மா, அந்தப் பொண்ணு கதவு வரைக்கும் வந்துட்டா, இல்லையா? தப்பிச்சிருக்கலாம். உங்கள இழுத்துட்டு வரத்தான் திரும்ப உள்ள போனா. நீங்க கொஞ்சம் வேகமா வந்திருந்தா, இன்னிக்கு அவ அவங்க அம்மா பக்கத்துல உக்காந்திருப்பா. அப்படித்தானே?”

கனி வாயைத் திறந்தாள். பட்டையிலிருந்து உஸ் என்று ஒரு சத்தம் வந்தது. மறுபடி முயன்றாள். மறுபடி உஸ். அவள் கண் இரண்டிலிருந்தும் தண்ணீர் ஓடியது. தொண்டை தளர்ந்துவிட்டது. அந்தப் பெட்டியை நாங்கள் எடுக்கவில்லை.

“சாட்சி பதில் சொல்லலைங்கய்யா. குறிச்சுக்கணும்,” என்றார் வக்கீல்.

எனக்கு எழுந்துபோய் அவர் சட்டையைப் பிடிக்க வேண்டும் போல் இருந்தது. ஆயுதத்தை எடுத்துக் கொடுத்தவள் நானாயிற்றே, என்ன செய்ய? பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கனி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். கூண்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தாள். வக்கீல் நிற்கும் நிழல் எங்கே என்று தலையைத் திருப்பித் தேடிக் கண்டுபிடித்தாள்.

“ஆமா. என்ன இழுக்கத்தான் வந்தா. கதவ விட்டு ஓடியிருந்தா பொழச்சிருப்பா, ஓடல. அப்படிப்பட்ட பிள்ளைய அலாரத்தப் பிடுங்குனவள்னு எழுதிக் குடுத்திருக்கிய. இப்ப என்ன அழ வெச்சா என் வாய் அடச்சுப்போவும்னு கணக்குப் போடுதிய. அழுகைய நான் வீட்டுல போயி அழுதுக்கிடுவேன். ஐயா, எழுதுங்க. பிளக்கப் பிடுங்குனது மேனேஜரு. அவரு பேர எழுதுங்க.”

அதிகாரி எழுதினார். எழுதிவிட்டு வாசித்துக் காட்டினார். மேலாளர் அடுத்த வியாழன் நேரில் வர வேண்டும், அதுவரை இசக்கியம்மாள் பேரில் எந்தக் குற்றமும் எழுதக் கூடாது என்று உத்தரவிட்டார்.

வக்கீலுக்கு முகம் சிவந்திருந்தது. அவர் என் பக்கம் கையைக் காட்டினார். இந்தப் பெண் எங்கள் சொத்தைத் திருடியிருக்கிறாள், இவள் மேல் வழக்குப் போடப் போகிறோம். அதற்குள் ஃபைலை அழித்துத் தடயத்தை மறைத்துவிடுவாள். ஆகவே அந்த ஃபைலைச் சான்றாகக் குறித்து, யாரும் அழிக்காமல் திருத்தாமல் விசாரணையின் பொறுப்பில் பத்திரமாக வைக்க வேண்டும் என்று ஆவேசமாகக் கேட்டார்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தாராளமாக வைக்கலாம் என்றார். பக்கத்திலிருந்த எழுத்தரிடம் என் போனிலிருந்து ஃபைலை வாங்கி எண் போடச் சொன்னார். சான்று எதுவானாலும் இரு தரப்புக்கும் ஒவ்வொரு நகல் கொடுப்பது முறை என்பதால், வக்கீலுக்கு ஒன்றும் சண்முகக்கனிக்கு ஒன்றும் கொடுக்கச் சொன்னார்.

எழுத்தர் நகலை எடுத்து முடித்த பிறகுதான் வக்கீலுக்குச் சங்கதி புரிந்தது. சேமிக்கவே கூடாது என்று ஒரு வருஷம் தடுத்து வைத்திருந்ததை, அழிக்கவே கூடாது என்று அவர் வாயாலேயே உத்தரவு வாங்கிவிட்டார். அவசரமாக எழுந்தார்.

“நீங்க கேட்டதுதானே,” என்றார் அதிகாரி. “உக்காருங்க.”

நகலைப் பெற்றுக்கொண்டதற்குப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். எழுத்தர் கனியின் விரலைப் பிடித்து இடத்தைக் காட்டினார்.

“என் கோவத்த என்கிட்டயே குடுத்துட்டுக் கையெழுத்து வேற வாங்குதாவளாக்கும்,” என்றாள் கனி. அறையில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

வெளியே வருவதற்குள் என் போனுக்கு வேலைநீக்கச் செய்தி வந்துவிட்டது. படித்துவிட்டு உள்ளே போட்டேன். கடனோ உடனோ வாங்கிக் கடையில் சொந்தமாக ஒரு பட்டை எடுத்துவிட்டால் இந்த நகலை அதில் ஏற்றலாம், இனி ஐந்தரைக்கு யாரும் உன் வாயை அடைக்க முடியாது என்று கனியிடம் சொன்னேன். மற்ற இரண்டு பெட்டியையும் நிதானமாகக் கற்றுக்கொள்ளலாம், இப்போதைக்குக் கோபம்தான் கையில் இருக்கிறது என்றேன். அவள் தலையாட்டினாள்.

வாசலில் சொர்ணம் நின்றுகொண்டிருந்தார். கிட்ட வரத் தயங்கிக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல், ஒடிந்துபோய் நின்றார். யார் நிற்கிறார் என்று கனிக்குக் காதோடு சொன்னேன். அவள் என் கையை விட்டுவிட்டு அந்தப் பக்கம் நடந்தாள். சொர்ணத்தின் தோளைத் தொட்டாள். ஏதோ சொல்லப் போனாள். உஸ் என்றது பட்டை. இரண்டாம் தடவையும் உஸ். மூன்றாம் தடவையும் அதேதான். பட்டையைக் கழற்றி எறிந்துவிடப் போகிறாளோ என்று பயந்து நான் பக்கத்தில் போனேன்.

கனி மூச்சை இழுத்துக்கொண்டாள்.

“ஏன் இப்படிக் காஞ்சுபோய் நிக்கிய? காலையில எதாவது தின்னியளா, இல்ல பட்டினியா? காலுல செருப்பக் காணும், என்ன கோலம் இது? ஒங்க மவ உயிரக் குடுத்து என்ன இழுத்துப் போட்டது, நீங்க இப்படிச் சாவதப் பாக்கவா? மூலையில போயி ஒளிஞ்சு ஒக்காராதிய, சொல்லிட்டேன். அடுத்த வியாழக்கெழம முத வரிசையில ஒக்காரணும். இப்ப வாங்க, மொதல்ல சாப்பிடணும்.”

தெருவில் போனவர்கள் சண்டை என்று நினைத்து நின்றுவிட்டார்கள். சொர்ணம் கனியின் இரண்டு கையையும் பிடித்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். பதினாலு மாதமாக அந்த அம்மாளிடம் யாரும் சாப்பிட்டாயா என்று கேட்டிருக்க மாட்டார்கள்.

“ஏசு தாயி,” என்றார். “இன்னுங் கொஞ்சம் ஏசு.”